கண்ணாடி டம்ளர்

அறை எண் முப்பத்தொன்றில் ஆறு கட்டில்.
ஒருவன் இருமினால் ஐந்து பேர் புரண்டு படுப்பார்கள்.
திருவல்லிக்கேணி மேன்ஷனில்
காற்றையும் நாங்கள் ஷேர் போட்டுத்தான் வாங்கினோம்.
ஒரே பாட்டில் தண்ணீர், ஒரே சிகரெட்,
மாதக் கடைசியில் ஒரே டீ.

வியாழன் மாலை ஞானதிரவியம்
வேலையிலிருந்து சீக்கிரம் வந்தான்.
காய்ச்சல் என்றான்.
சென்னையில் யாருக்கு இல்லை காய்ச்சல்?
ஒரு பாராசிட்டமால் கொடுத்தேன்.
ரசஞ்சோறு வாங்கி வந்தேன்.
தொடவில்லை.

"லைட்ட அணைங்கடா."
அணைத்தோம்.
"இன்னும் எரியுது."
எரிந்தது பக்கத்துக் கட்டிலில் ஒருவனின் செல்போன்.
சிரித்தோம்.
சிரித்தோம் என்பதை
இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு வாந்தி.
வாளியைப் பார்க்கக் கழுத்து குனியவில்லை,
முழு உடம்பும் பலகைபோல் சாய்ந்தது.
கால்கள் ஐஸ். நெற்றி அடுப்பு.
என்னைத் தன் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டான்.
கெண்டைக்காலில்
நாவல்பழம் நசுங்கியதுபோல் சில புள்ளிகள்.
மூட்டைப்பூச்சி என்றான் ஒருவன்.
எங்களுக்குத் தெரிந்த வியாதி அதுதான்.

ஆட்டோ வாலாஜா சாலையில் திரும்பியபோது ஐந்து.
சென்ட்ரலுக்கு எதிரே இறங்கியபோது பன்னிரண்டு.
மணியை அல்ல,
புள்ளிகளைச் சொல்கிறேன்.

அவசரப் பிரிவில் நர்ஸ் எதுவும் கேட்கவில்லை.
குடித்துக்கொண்டிருந்த டீயைக் கொட்டி
டம்ளரைக் கழுவி
அவன் காலில் வைத்து அழுத்தினாள்.
கண்ணாடிக்கு அடியில் தோல் வெளுத்தது.
புள்ளிகள் வெளுக்கவில்லை.
"டாக்டர்!"
வராண்டாவில் தூங்கியவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

ஊசி முதலில் ஏறியது, பெயர் பிறகு வந்தது.
முதுகில் எடுத்த நீர்
அரிசி களைந்த தண்ணீர்போல் கலங்கியிருந்ததாம்.
மெனிங்கோகாக்கல்.
மூன்று முறை சொல்லச் சொல்லி
பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

இளம் டாக்டர். கண் சிவந்திருந்தது. பொய் பழகாதவர்.
"மருந்து கொடுத்தும் பத்தில் ஒருவர் போய்விடுகிறார்.
பிழைப்பவர்களில் சிலர்
எதையாவது இங்கே வைத்துவிட்டுத்தான் போவார்கள்.
விரல். காது. ஞாபகம்.
இன்னும் மூன்று மணி நேரம் கழித்து வந்திருந்தால்…"
முடிக்கவில்லை. அடுத்த ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

லைட்டை அணைத்ததிலிருந்து வாந்தி வரை
எத்தனை மணி நேரம் என்று
நாங்கள் யாரும் கணக்குப் பார்க்கவில்லை,
வாய்விட்டு.

மறுநாள் மாநகராட்சியிலிருந்து வந்தார்கள்.
மீதி ஐந்து பேருக்கும் மாத்திரை.
இரண்டு நாள் எங்கள் சிறுநீர்
செங்கல் நிறத்தில் போனது.
மேனேஜர் மூக்கில் கர்ச்சீப்போடு நின்று
வாடகையை ஜன்னல் வழியாக நீட்டச் சொன்னார்.

பதினோராம் நாள் திரவியம் எழுந்து உட்கார்ந்தான்.
இடது காலில் இரண்டு விரல் கறுத்தன,
பிறகு இல்லை.
இடது காதில் சத்தமே இல்லை.
"ஒம்போது பேருக்குள்ள வந்துட்டேன்ல?" என்றான்,
கொஞ்சம் உரக்க.

இப்போது மாலைகளில் மெரினாவில் நடக்கிறோம்.
கலங்கரை விளக்கம் நோக்கிப் போகையில்
கடல் அவனுக்கு இடப்பக்கம்.
"கடலே இல்லடா, சும்மா தண்ணி ஆடுது" என்பான்.
திரும்பி வருகையில் சற்று நின்று,
கண்ணை மூடி,
"வந்துருச்சு."

ஜன்னலோரக் கட்டிலுக்குப் புதிதாக ஒரு பையன்.
நேற்றிரவு காய்ச்சல் என்றான்.
விளக்கைப் போட்டேன்.
கண் கூசுதா?
தாடையால நெஞ்சத் தொடு. காலக் காட்டு.
"வெறும் சளிண்ணே" என்று கடுப்பானான்.

திரவியம் தன் கட்டிலுக்கு அடியில் கைவிட்டு
ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து
சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான்.