விடுதலைப் பத்திரம்

பதிவறைக் கதவு கனம்.
வெளியே பனி உருகிச் சேறாகும் மார்ச்.
மேற்கு வர்ஜீனியாவின் மலையிடுக்கில்
நிலக்கரி ரயில் போய் முடிந்த பிறகும்
சன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் அதிரும்.
இங்கேதான் பத்தொன்பது வருஷமாய்
ஊரார் வீடுகளைப் புத்தகத்தில் அடைக்கிறேன்.

வெர்லின் ஸ்டட்லர் வந்தார்.
தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்,
மேசை அழுக்காகுமென்று
திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.
ஒரே ஒரு தாள்.
நோட்டரி முத்திரை சற்றே கோணல்.

எழுதிக் கொடுப்பவர்: வெர்லின் ஸ்டட்லர், தனியாள்.
எழுதி வாங்குபவர்: ஆர்வெல்லா ஸ்டட்லர், தனியாள்.
அந்தச் சொல்லை இரண்டு இடத்திலும்
விரலால் தடவினார்,
மை காய்ந்ததா என்று பார்ப்பவர்போல.

பிரதிப்பயன்: பத்து டாலர், ரொக்கமாய்ப் பெற்றுக்கொண்டது.
"அவள் தரவில்லையே" என்றார்.
யாருமே தருவதில்லை என்றேன்.
காகிதத்துக்கு ஒரு விலை வேண்டும்,
சும்மா கொடுத்தால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும்.

விற்கிறவன் எழுதும் பத்திரம் நெஞ்சை நிமிர்த்திப் பேசும்:
வில்லங்கம் ஏதுமில்லை,
வந்தால் நானே முன்னின்று தீர்ப்பேன்.
இது அப்படியல்ல,
தோளைக் குலுக்கிவிட்டு எழுந்துபோகிற பத்திரம்.
எனக்கு இதில் ஏதேனும் உண்டென்றால்
இனி அது உனக்கு.
ஒன்றுமே இல்லையென்றால்
அந்த ஒன்றுமில்லாததும் உனக்கு.
இந்த வாசகத்தை முதலில் எழுதியவன்
அன்றிரவு யார் வீட்டில் தூங்கினானோ.

அடுத்த வரியை அவர் வாய்விட்டுப் படித்தார்:
"பெற்றிருக்கவும், பற்றியிருக்கவும்..."
நிறுத்தினார்.
"இதைத்தானே பாதிரியார் சொல்லச் சொன்னார்,
எண்பத்தெட்டில், மெதடிஸ்ட் கோயிலில்?"
அதே சொற்கள்தான்.
கைப்பிடிக்கும்போதும் அதே,
கைவிடும்போதும் அதே.
எது எதனிடம் இரவல் வாங்கியதென்று
என்னைக் கேட்காதீர்கள்.

நான்கெல்லை ஒத்துப் பார்க்கத்
தாய்ப்பத்திரத்தை எடுத்தேன்.
ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி
வடக்கே பதினாறு கழி, கற்குவியல் வரை;
அங்கிருந்து பெண்டிரின் வேலியோடு கிழக்கே;
பிறகு இறக்கத்தில் இறங்கி
தொடங்கிய இடத்துக்கே.

"அந்த மரம் இல்லை.
வெள்ளத்தில் சாய்ந்தது, நான்தான் அறுத்தேன்.
எங்கள் சமையலறை மேசை அதுதான்."

அப்படியானால் இந்த நிலம்
ஒரு மேசைக் காலிலிருந்து தொடங்குகிறது.
நினைத்தேன், சொல்லவில்லை.
சர்வேயர்களுக்குச் சிரிப்பு வராது.

ஆலோசனை சொல்லக் கூடாதென்று
என் தலைக்கு மேல் அட்டை தொங்குகிறது.
ஆனாலும் சொன்னேன்:
"வீட்டிலிருந்துதான் உங்கள் பேர் போகும்,
வங்கிக் கடனிலிருந்து போகாது.
அவர் ஒரு தவணை தவறினால்
கடிதம் உங்களைத் தேடி வரும்."

"வக்கீல் மூன்று தரம் சொன்னார்."

"பின்னே?"

தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.
"கடன் தீர இன்னும் பதினோரு வருஷம்.
எங்கேயாவது ஒரு தாளில்
அவள் பேருக்குப் பக்கத்தில் இருக்கட்டுமே."

முத்திரை குத்தினேன்.
புத்தகம் இருநூற்றுப் பதினாலு,
பக்கம் முந்நூற்று எழுபத்தேழு.
கட்டணத்தைச் சில்லறையாய் எண்ணி வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து
அசல் பத்திரம் வாங்க ஆர்வெல்லா வந்தார்.
ரொட்டிக்கடைச் சீருடை, முழங்கையில் மாவு.
நின்றபடியே படித்தார்.
பிறகு பையைத் துழாவி
நான்காய் மடித்த பத்து டாலர் நோட்டு ஒன்றை
என் பக்கம் நகர்த்தினார்.

"பெற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறாரே.
நான் கொடுக்கவில்லை.
அவரிடம் சேர்த்துவிடுங்கள்."

அதற்கு இங்கே படிவம் இல்லை என்றேன்.
அவருடைய புது முகவரி
பத்திரத்திலேயே இருக்கிறது, மூன்றாம் வரியில்.

அந்த வரியை
அவர் தாண்டிப் போயிருக்க வேண்டும்.
இப்போது விரல் வைத்து,
தெருப் பெயர், கதவு எண், மாடி எண்,
மெதுவாகப் படித்தார்.
நோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

கதவு கனம் என்றேன் அல்லவா.
எழுந்துபோய்த் திறந்துவிட்டேன்.