கேம்ப்

கேம்ப்புக்குப் போகலாம் என்றாள் பொற்கொடி.
அந்தச் சொல் அவளுக்கு
போனில் பார்த்த நெருப்பு, சுட்ட சோளம், போர்வைக்கு மேல் வானம்.
எனக்கு, ஷுஐபாவில் பதினோரு வருடம்
குளிக்க வரிசையில் எனக்குப் பதில் நின்ற
நீல வாளி.
ஒரே சொல்லை இரண்டு பேரும் சொல்லிக்கொண்டு
நாற்பதாம் நம்பர் ரோட்டில் தெற்கே வந்தோம்.

ஜுலைஆ குளிருக்கு மட்டும் முளைக்கிற ஊர்.
நவம்பரில் கம்பி நடுவார்கள்,
மார்ச்சில் பிடுங்கிவிடுவார்கள்.
விசிட் விசா மாதிரி.
வாசலில் சாவிக்கொத்தோடு ஷஹாதத், நவகாளிக்காரர்.
"அஞ்சு காலி இருக்கு பாய், பார்த்து எடுங்க"
என்றார், எங்கள் இருவருக்குமே
சொந்தமில்லாத இந்தியில்.

முதல் கேபினில் ரோஜா நிறத் திரை.
நிறைமதி உள்ளே ஓடி மெத்தையில் குதித்தாள்.
வேண்டாம் என்றேன்.
ஜெனரேட்டர் இருபது அடியில்.
இப்போது அணைந்திருக்கிறது, அதனால் உங்களுக்குத் தெரியாது.
பத்து மணிக்கு மேல் அது
பல்லுக்குள் புகுந்து ஓடும்.

இரண்டாவதன் கதவு வடமேற்கைப் பார்த்திருந்தது.
ஷமால் காற்றுக்குத்
தட்டிவிட்டு வருகிற பழக்கமில்லை.

மூன்றாவதன் சுவரை விரலால் தட்டினேன்,
சந்தையில் தேங்காய் எடுப்பவனைப் போல.
பஞ்சு சரிந்து அடியில் உட்கார்ந்துவிட்டது,
மேல்பாதி வெறும் தகரம்.
விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் ஐஸ் வைக்கும்.
கக்கூஸ் தொட்டி எந்தக் காற்றில் நாறும்,
எலி எந்த மூலையில் ஏறும்,
எந்த ஜன்னல் பூட்டியும் பூட்டாது,
சொல்லிக்கொண்டே போனேன்.

பொற்கொடி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
ஊரில் வீடு கட்டியபோது
டைல்ஸ் நிறம் கேட்டு நாலு தடவை போன் செய்தவள்.
உனக்குப் பிடிச்சதைப் போடு என்பதைத் தவிர
அந்த வீட்டைப் பற்றி
நான் எதுவும் சொன்னதில்லை.

"இவ்வளவு விவரம் எங்கே கத்துக்கிட்டீங்க?"
"ஆபீஸ்ல."
அந்த ஒரு சொல் மட்டும் புரிந்த ஷஹாதத்
சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

நான்காவதை எடுத்தோம்.
இரவுக்கு முப்பத்தைந்து தினார் என்றது
இருபத்தெட்டில் வந்து நின்றது.
என் முதல் மாதச் சம்பளம் அறுபது.
வகுத்துப் பார்க்கிற பழக்கத்தைச்
செருப்போடு வாசலில் விட்டேன்,
முக்கால்வாசி.

கோழி ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வெந்தது.
சிரித்துக்கொண்டே தின்றோம்.
வடக்கே அடிவானத்தில் ஆடிய சுடரைக் காட்டி
"அந்த நட்சத்திரம் மட்டும் ஏன் ஆடுது?" என்றாள் மகள்.
"அது ரிஃபைனரி."
"நீங்க வேலை செய்யற இடமா?"
"பக்கத்துல."
அவளுக்கு அதுவும் நட்சத்திரக் கணக்கில்தான் சேர்ந்தது.
மொத்தம் நூற்றிப் பன்னிரண்டு.

படுக்கும்போதுதான் பார்த்தேன்.
டார்ச் சாய்ந்து விழுந்த சுவரில்,
புது கிரீம் பெயிண்டுக்கு அடியில்
பட்டி வைத்து அடைத்த வட்டங்கள்.
முழங்கால் உயரத்தில் ஒரு வரிசை,
தோள் உயரத்தில் ஒரு வரிசை.
எண்ண வேண்டியதில்லை.
நாலு இரட்டைக் கட்டில், எட்டுப் பேர்.
மேலே படுத்தவனுக்குக் கூரை மூன்று சாண்,
கீழே படுத்தவனுக்கு
மேலே இருப்பவனின் இருமல்.

"சுவத்துல என்ன தடவுறீங்க?"
"பெயிண்ட் காஞ்சிருக்கான்னு."
கையைப் பிடித்துப் போர்வைக்குள் இழுத்தாள்.
"சில்லுன்னு இருக்கு" என்றாள், வேறெதுவும் கேட்கவில்லை.
ஆனால் கையை விடவும் இல்லை.

நல்ல கேபின்தான் பார்த்து எடுத்திருக்கிறேன்.
காற்று வரவில்லை. எலி வரவில்லை.
ஜெனரேட்டர் எங்கோ மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம்.
அந்தச் சத்தம் இல்லாமல்
எனக்குத்தான் வெகுநேரம்
தூக்கம் வரவில்லை.