கீழ்க்கோடு

பதினேழாவது டப்பாவின் மேல்
நர்ஸ் லிஸ்னெட்டின் அவசரக் கையெழுத்து:
வைசன் கலித்தேரா, ஆண், 29, மீனவர்.
ஒருதரம் படித்தேன்.
கையுறையைக் கழற்றிவிட்டு
இன்னொருதரம் படித்தேன்,
கையுறைக்கும் கண்ணுக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதுபோல.

என் மகள் எலூபியின் கணவன்.
ஆறு வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
பகை ஒன்றுமில்லை, எங்கள் குடும்பத்து வழக்கம்.
நான் வருகிற பாதையில் எதிர்ப்பட்டால்
சோளக்கொல்லைக்குள் இறங்கி நிற்பான்.
அவன் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.
அவன் தும்மினால்கூட
எனக்குக் காது கேட்கக்கூடாது.

இப்போது மூடியைத் திறக்கிறேன்.

கழுநீர்.
களைந்த அரிசியின் முதல் தண்ணீர்,
வெள்ளைத் துணுக்குகள், கொஞ்சம் மீன்வாடை.
சில்வா ஏரிக்கரையில் பாதிப்பேர் நெல் போடுகிறவர்கள்,
யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
"அரிசி கழுவினமாதிரி போகிறது" என்று சொல்லிக்கொண்டேதான்
படகிலிருந்து ஆளை இறக்குகிறார்கள்.

நான்கு சொட்டு. சின்னக் குழாய். காகிதப் பட்டை.
பதினைந்து நிமிடம்.
மேலே ஒரு கோடு வரும், அது நோயைப் பற்றியதல்ல;
நான் பழுதில்லை என்று
பட்டை தனக்குத்தானே சொல்லும் சாட்சி.
கீழே இன்னொன்று வந்தால்

வரட்டும், பார்க்கலாம்.

இந்த மேஜைக்கு என்னென்னவோ வந்திருக்கிறது.
ஒரு தலைமையாசிரியர் தைலப் புட்டியில் கொண்டுவந்தார்,
லேபிளைக் கிழிக்காமல்:
'தினம் இருவேளை தடவவும்.'
சிரித்துவிட்டு எண் ஒட்டினேன், ஒன்பது.

"இவன் கொடுக்கவே மாட்டேனென்றான்" என்றாள் லிஸ்னெட்.
"ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.
என்னைக் கண்டு வெட்கமென்று நினைத்தேன்."

கோட்டுக்காக யாரும் காத்திருக்கவில்லை.
நாலாவது லிட்டர் அவன் கையில் ஏறிக்கொண்டிருக்கிறது.
இந்தக் கோடு அவனுக்கல்ல.
ஏரி நடுவில், கோரைமேல் கட்டிய குடிசைகளில்
வாரக்கணக்கில் வலை வீசிக் கிடப்பவர்களுக்கு.
அங்கே படுக்கைக்குக் கீழே கக்கூஸ்,
கைக்கெட்டும் தூரத்தில் குடிதண்ணீர்,
இரண்டும் ஒரே ஏரி.

எட்டாவது நிமிடம்
நகத்தால் கீறியமாதிரி ஓர் இளஞ்சிவப்பு.
விளக்கைத் திருப்பினேன். கண்ணின் கோளாறாக இருக்கலாம்.
பன்னிரண்டாவதில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

மீதியைப் பொதிந்து சோம்பாவுக்கு அனுப்பினேன், மோட்டார் சைக்கிளில்.
முறையான காகிதம் அங்கிருந்து வரும்,
கிருமியை வளர்த்து, பெயர் கேட்டு, முத்திரை வைத்து.
அதற்கு இன்னும் மூன்று நாள்.
குளோரின் டின்கள் கிளம்ப என் பட்டை போதும்,
ஆனால் எந்தக் குடிசைக்கு?
படிவத்தில் மூன்று இடம் காலி.
லிஸ்னெட்டைக் கூப்பிட்டேன்.
அவள் ஒரு குழந்தையின் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள்,
தலை நிமிரவில்லை.

நீலத் தார்ப்பாய்க்கு இந்தப்பக்கம்
முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.
தார்ப்பாயிடம் கேட்டேன்:
"எங்கே தங்கியிருந்தீர்கள்? எந்தத் தண்ணீர்? கூட எத்தனை பேர்?"

வாளியில் சொட்டுகிற சத்தம்.
நிற்கிறது. மறுபடி சொட்டுகிறது.

பிறகு தார்ப்பாய் சொன்னது,
தொண்டை வற்றிய குரலில்:
"மங்கோச்சிக்காரன் கழி நட்ட இடம். அதற்கு வடக்கே மூன்றாவது.
ஏரித் தண்ணீர்தான். விறகு ஈரம்.
பதினொரு பேர்.
இரண்டு பேரால் எழுந்திருக்க முடியவில்லை.
படகில் இடமில்லை."

எழுதினேன். பேனா மை விட்டுவிட்டு வந்தது.

"டப்பாவை," என்றது குரல், வெகுநேரம் கழித்து,
"யார் பார்த்தது?"

"லேப்," என்றேன்.

துறையில் இஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.
கை கழுவினேன்.
பதினெட்டு.