அரசு தரப்புச் சாட்சி பதினான்கு

பெயர் மெர்சி பிளாரன்ஸ். வயது ஐம்பத்தொன்று.
தொழில் என்ற இடத்தில் ஜூடோ என்றேன்.
தட்டச்சர் 'ஜீடோ' என்று அடித்தார்.
திருத்தவில்லை. பாரிமுனைக் கோர்ட்டில்
மின்விசிறி நீதிபதிக்கு மட்டும் சுற்றுகிறது,
கழுத்தோரம் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

படம் பதினொரு நிமிடம்.
மணலி கன்டெய்னர் யார்டு, இரவு இரண்டேகால்.
ஒலி கிடையாது.
செம்பு ஒயர் என்று நினைத்துப் பிடித்திருக்கிறார்கள்,
பையில் இருந்தது சாப்பாட்டுத் தூக்கு.
அது என்னைக் கேட்ட கேள்வி அல்ல.
என்னைக் கேட்டது முட்டியைப் பற்றி.
யாருடைய முட்டி, எங்கே, எவ்வளவு நேரம்.

முதல் நிமிடம் சரி என்றேன்.
சுபாங்கர் கையை வீசினான், இவர்கள் மடக்கினார்கள்,
நானாக இருந்தாலும் அப்படித்தான் மடக்கியிருப்பேன்.
அரசு வழக்கறிஞர் தன் பேனாவை மூடினார்.

இரண்டாவது நிமிடம் குப்புறப் போட்டார்கள்.
அதுவும் சரி, விலங்கு மாட்டும்வரை.
விலங்கு இல்லை. போலீஸ் வரும்வரை என்று
தணிகைவேல் முதுகில் முட்டி வைத்தான்.

"எவ்வளவு எடைம்மா இறங்கியிருக்கும்?"
நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஒன்று, ஐயா,
அவன் முன்னால் சாய்ந்தபோது இன்னும் கொஞ்சம்.
குப்புறக் கிடப்பவனுக்கு
மூச்சு வாங்க வயிற்றால் தரையைத் தள்ளவேண்டும்.
தள்ளினால் உடம்பு எழும்பும்.
எழும்பினால் மேலே இருப்பவன் சொல்வான்
துள்றான்டா, அடங்கல, இன்னும் அமுக்கு.

நாலாவது நிமிடத்தில்
வலது கை மட்டும் வெளியே வந்து
சிமென்ட் தரையைத் தட்டுகிறது.
மூன்று முறை. கொஞ்சம் விட்டு, மறுபடி மூன்று.
பிறகு ஒன்று.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். நல்ல மனிதர்,
காலையில் கேன்டீனில் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டவர்.
"இறந்தவர் ஜூடோ கத்துக்கிட்டவரா?"
இல்லை.
"தட்டினா விடணும்ங்கறது உங்க ஆட்டத்துச் சட்டம்.
அது ஒடிசாக்காரருக்கு எப்படித் தெரியும்?"
தெரிந்திருக்காது ஐயா.
தண்டையார்பேட்டையில் என் வகுப்புக்கு
ஆறு வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள்.
தட்டுவதை ஒருத்தருக்கும் சொல்லித் தந்ததில்லை.
மேலே இருக்கிற பிள்ளைக்குத்தான்
திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது.

"கேட்டதற்கு மட்டும் பதில்," என்றார் நீதிபதி.
அது அடிக்கப்படவில்லை.

"இந்த யார்டு காவலாளிகளுக்கு
இரண்டு நாள் முகாம் நடந்ததே,
நடத்தியது யாரு?"

நான்.

ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்து லாரிகள்
ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன.
முதல் நாள் ஜோடி ஜோடியாகப் பிடிக்கக் கற்றார்கள்,
தட்டினால் விடச் சொன்னேன், விட்டார்கள், சிரித்தார்கள்.
வேலையிடத்தில் எப்போது விடுவது என்பது
இரண்டாம் நாள் மதியப் பாடம்.
மதியம் மேனேஜர் சான்றிதழோடு வந்துவிட்டார்,
வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.
பின்வரிசையில் தணிகைவேல், ஓரத்தில் நான்.
அந்தப் படம்தான் இன்று
எதிர்த்தரப்புச் சான்றாவணம் மூன்று.

"அந்தத் தட்டுதலைச் செய்து காட்டுங்க," என்றார் நீதிபதி.
சாட்சிக் கூண்டின் விளிம்பில் காட்டினேன்.
"சாட்சி மூன்று முறை தட்டிக் காட்டினார்,
அடிச்சுக்கங்க."
தட்டச்சர் நிமிர்ந்தார்.
"ஓங்கியாங்கய்யா, மெதுவாங்களா?"
யாருக்கும் தெரியவில்லை.
படத்தில் ஒலி கிடையாது.
"இன்னொரு தடவைம்மா."

இந்தமுறை உள்ளங்கையை விரித்துத் தட்டினேன்,
மரம் சத்தம் போட்டது.
எதிர்க் கூண்டில் தணிகைவேல்
காலையிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த கம்பியை
சட்டென்று
விட்டான்.

தட்டச்சர் 'ஓங்கி' என்று அடித்துக்கொண்டிருந்தார்.
நான் பார்த்தேன்.
என்னை அதைக் கேட்கவில்லை.