இரண்டு கதவு ஹெரால்டு

முக்கூடலில், பீடி இலைக் குடோனில் கிடந்தது.
இரண்டே கதவு. கூரை இல்லை.
கூரையை எடுத்தது கம்பெனி இல்லை,
குடோன்காரரின் மூத்த மகன்,
ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆக்ஸா பிளேடால்.
"அன்னைக்கு நான் அடிச்ச அடியில
துபாய்க்குப் போனவந்தான்" என்றார் சொரிமுத்து.
"வண்டியப் பாத்தா அவன் நெனப்பு வருது,
கொண்டுபோயிருங்க.
ஆனா வெலையக் கொறைக்க முடியாது."

எண்பதில் ஆரம்பித்து அறுபத்தெட்டில் நின்றது.
பதினோராம் மாதமே சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
அந்தக் காசுக்குப் பழைய ஆல்டோ வருமே, ஏசியோடு,
என்றான் அண்ணன்.
வரும்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
மூச்சை இழுத்துப் பிடிங்க, ம், விடுங்க:
ஒரு நாளைக்கு நூற்றிருபது தடவை.
வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்தபோது
சேஸில் மயிரிழையாய் ஒரு முறிவு.
எலும்பென்றால் சொல்லியிருப்பேன்,
ஆறு வாரம் ஆட்டாமல் வையுங்கள், தானே கூடிவிடும்.
இரும்பு கூடாது.
எத்தனை வாரம் வைத்தாலும்
அதற்குத் தெரிந்தது விரிவது மட்டும்தான்.
வெல்டிங், நாலாயிரத்து இருநூறு.

வண்ணார்பேட்டையில் லோடு ஆட்டோ பார்க்கிற பொன்னுலிங்கம்
பானெட்டைத் தூக்கினான்.
மூக்கும் மட்கார்டும் லைட்டும் சேர்ந்து
முகமே முன்னால் கவிழ்கிற வண்டி இது.
முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்.
உட்கார்ந்தான். டீ குடித்தான்.
"மேடம், இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல" என்றான்.
பொய் சொல்லாத மெக்கானிக்குக்கு
ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்கலாம்.
கொடுத்தேன்.

பேட்டை காயலான் கடையில்
எந்தக் காலத்திலோ ரொட்டி விற்ற ஸ்டாண்டர்டு வேன்
முருங்கைக்குக் கீழே பாதி புதைந்து கிடந்தது.
அதன் வாட்டர் பம்ப் இதற்குச் சேர்ந்தது. டைனமோ சேர்ந்தது.
கிளட்ச் பிளேட் சேரவில்லை,
கோயம்புத்தூரிலிருந்து இரண்டு முறை தப்பாக வந்தது.
கதவு ரப்பர், என் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜுடையது.
நான்கு டயருக்கு இருபத்தாறு நைட் டூட்டி.
ரேடியேட்டருக்கு, பத்தமடையில் ஒரு கல்யாணம்:
மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்டார்கள், வாடகைக்கு விட்டேன்.
இப்போதும் பிரேக்கை மிதித்தால்
எங்கிருந்தோ காய்ந்த ரோஜா இதழ் ஒன்று
காலடிக்கு வரும்.

புகையிலை வாசம் மட்டும் போகவில்லை.
ஷாம்பு, வினிகர், எலுமிச்சை, எல்லாம் பார்த்தாயிற்று.
முருகன்குறிச்சி சிக்னலில் டிராஃபிக்காரர் குனிந்து முகர்ந்து
"யம்மா, பீடி குடிப்பியளா?" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும்.
டவுன் தெற்கு ரத வீதியில், ஒரே ஒடிப்பில்,
முழுசாகத் திரும்பிவிடும்.
தேருக்கு முடியாதது.
பின்சீட்டில் இருந்த அண்ணன்
இன்னொரு தடவை திருப்பு என்றான்.

ஆனி கடைசியில் தென்காசி ரோட்டில் முதல் நீள ஓட்டம்.
ஆலங்குளம் வரை வெயில்.
பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல்.
ஊருக்கெல்லாம் அது சீசன்.
எனக்கு அது சீட்டில், ஃபியூஸ் பெட்டியில், மடியில்.
வைப்பர் ஓடியது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் என் துப்பட்டா.
நிறுத்தினால் திரும்பக் கிளம்புமா என்று தெரியாததால்
நிறுத்தவில்லை.
தேங்காய் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று
ஹாரன் அடித்து என்னை முந்திப் போனது.
தேங்காய்கள் மேல் உட்கார்ந்திருந்த பையன்
எழுந்து நின்று கும்பிட்டான்.

முள் அறுபதில் நடுங்கிக்கொண்டிருந்தது.
மைலா கிலோமீட்டரா என்று
டயலில் இருந்த எழுத்து எப்போதோ அழிந்துபோயிற்று.
பைக்கில் கூடவே வந்து பார்த்துச் சொல்கிறேன்
என்கிறான் பொன்னுலிங்கம்.
வேண்டாம் என்றிருக்கிறேன்.