பென்சிலில் எழுதியது

சுன்னாகத்துப் பழைய பேப்பர்க் கடையில்
நிறுத்துத்தான் தந்தார்கள்,
அறுபது கிராம் முத்திரை.
கடைக்காரனுக்கு அதுவும் கடதாசிதான்.

பாதி, தெரிந்த முகங்கள்:
ஒரு இராணி, இன்னொரு இராணி, தாடி வைத்த மன்னர்.
அஞ்சல்காரர்கள். தள்ளி வைத்தேன்.
எனக்கு வேண்டியவை
ஒரு கடிதத்தையும் சுமக்காதவை.
வாடகைச் சிட்டையில், கடன் பத்திரத்தில்,
யாரோ வயிற்றெரிச்சலோடு ஒப்பமிட்ட இடத்தில்
நாக்கால் நனைத்து ஒட்டப்பட்டு
அங்கேயே கிடந்தவை.
தடித்த பட்டியல் புத்தகங்கள்
இவற்றைப் படலைக்கு உள்ளே விடுவதில்லை.

அதில் ஒன்று.
செங்கல் நிறம்.
நடுவில் நெற்கதிரோ கத்தியோ, சொல்லத் தெரியாத வளைவு.
வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து.
இலக்கம்கூட எனக்குப் பழகாத இலக்கம்.
மேலே கறுப்பு மையில் ஒரு கோட்டுத் துண்டு,
கையெழுத்தின் தொடக்கமோ முடிவோ.

பல் எண்ணினேன்.
இரண்டு சென்ரிமீற்றருக்குப் பதின்னாலு.
பதின்னாலு பல் வைத்த தேசங்கள் எத்தனை!
லைட்டர் எண்ணெய் ஒரு துளி விட்டேன்.
இரவு வேலையில், முறிந்த எலும்புகள் ஓய்ந்த இரண்டு மணிக்கு,
எக்ஸ்ரே வெளிச்சப் பெட்டியில் பிடித்துப் பார்த்தேன்.
நீர்க்குறி தெரிந்தது: பிறை மாதிரி ஒன்று.
பிறை இல்லாமலும் இருக்கலாம்.
"ஆற்றை கை அக்கா இது?"
தள்ளுவண்டியோடு வந்த டிலக்சன் கேட்டான்.
"தெரியேல்லை" என்றேன்.

துருக்கி என்று எழுதி அழித்தேன்.
எகிப்து. அழித்தேன்.
பாரசீகத்தை அழிக்கும்போது
கொப்பித் தாள் மெலிந்து மறுபக்கம் தெரிந்தது.

சனிக்கிழமை சோனகத் தெரு.
சேகு மதாரின் பூட்டுக் கடை.
புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
முத்திரையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.
உதடு அசைந்தது.
"எழுத்து எங்கட எழுத்து, வாசிப்பன்.
பேச்சு வேற ஆருடையோ. விளங்காது.
நில்லுங்க... இந்த ஒரு சொல் விளங்குது.
ஹாஸில்.
விளைஞ்சது, வருமானம், கையில வந்தது, அப்பிடி."

ஹாஸில்!
என் இரண்டாம் கொப்பியில்
ரோமன் எழுத்தில் இருபது மலேசிய முத்திரைகளில் கிடக்கிற சொல்.
அரபு எழுத்தைப் போட்டுக்கொண்டு
மலாய் நின்றிருக்கிறது இத்தனை நாளும்.

எழும்பப் பார்த்தேன். அவர் லாச்சியைத் திறந்தார்.
பொலித்தீனுக்குள் பொலித்தீன்,
உள்ளே நாலாய் மடித்த ரசீது.
எண்பத்தெட்டில் இந்தக் கடைக்குக் கட்டிய கடைசிக் காசு.
பாதி முத்திரையிலும் பாதி தாளிலுமாய் ஓர் ஒப்பம்.
"தொண்ணூறில சட்டைக்குள்ள வச்சுக் கொண்டு போனது.
இது எந்த நாடு எண்டு சொல்லுங்க பாப்பம்?"
சிரித்தார்.
என் இடுக்கி தன்பாட்டில் நீண்டிருக்க வேண்டும்.
"தண்ணியில போட்டுக் கழட்டிப்போடாதீங்க."

அந்த முத்திரையின் பல் எனக்குத் தெரியும்,
நீர்க்குறி தெரியும், அச்சடித்த வருடம் தெரியும்.
கேட்டதற்குப் பதில் வரவில்லை.
இரண்டு பூட்டு வாங்கிக்கொண்டு வந்தேன், தேவையில்லாமல்.

ஸ்ரான்லி வீதியில் சைக்கிள் மிதிக்கையில்
மகசூல் என்ற சொல் வந்து மோதியது.
கமநலப் படிவங்களில் வெங்காயத்துக்கு நேரே நிற்குமே, அது.
ஹாஸிலும் அதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
பின்னால் வந்த ஓட்டோ ஹோர்ண் அடித்து
என்னை ஓரத்துக்கு ஒதுக்கியது.

மூன்றாம் கொப்பி, பதினோராம் பக்கம்:
மலாயா. சமஸ்தானம் ஒன்றின் வரி முத்திரை.
கெடாவாக இருக்கலாம்.
கடாரம் என்று எழுதக் கை உன்னியது.
ஆசை ஆதாரமில்லை.
பென்சிலிலேயே எழுதி
இடப்பக்கம் கொஞ்சம் வெறுமையாக விட்டிருக்கிறேன்.
அந்தக் கறுப்புக் கோட்டின் மிச்சம்
யாருடைய லாச்சியிலாவது
ஒரு தாளில் கிடக்கும்.