நாயுருவி

ஐந்தே முக்காலுக்கு நன்மங்கலம் காட்டு வேலியோரம்
ஸ்கூட்டரை நிறுத்துகிறேன்.
கால்பலகையில் நின்றபடி வந்த வடை
முதலில் இறங்கி
முன்சக்கரத்தோடு ஒரு கணக்கைத் தீர்க்கிறது.

பெயர்க் காரணம்:
மேடவாக்கம் கூட்டு ரோட்டு டீக்கடையில்
ஒரே கவ்வில் இரண்டு.
பக்கத்தில் நின்ற பாவத்துக்குக் காசு நான் கொடுத்தேன்.
அன்றிலிருந்து அது என் நாய் என்று
கடைக்காரர் முடிவு செய்துவிட்டார்.
நாயும்.

காட்டுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை.
பலகை சொல்கிறது,
பலகையைவிட உரக்க வாட்ச்சர் எபினேசர் சொல்வார்.
வேலிக்கு வெளியே, பழைய குவாரி வரைக்கும்
செம்மண் தடம் ஒன்று போகிறது.
அது காடா ஊரா என்று
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் ஓட வந்தவன்.
வெறும் வயிற்றில் நூற்று அறுபத்திரண்டு என்று
லேப் தாள் சொன்ன நாளிலிருந்து
எண்களைத் துரத்திக்கொண்டிருக்கிறேன்.
கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் இருபது நொடி.
பர்வீன் என்னைக் கடந்து போகிறாள்,
மூச்சு வாங்காமல் 'குட் மார்னிங்' சொல்லிக்கொண்டே.
நான் 'குட்' வரை வருவதற்குள்
வளைவில் மறைந்துவிடுகிறாள்.

வடைக்கு ஓட்டம் என்றால்
பத்தடி ஓடி
ஒரு காரைப் புதரடியில் நின்று
ராத்திரி யார் யார் வந்தார்கள்,
யார் வரவில்லை என்று
வருகைப் பதிவு எடுப்பது.
கயிறு விறைக்கும்.
மணிக்கட்டில் கடிகாரம் கேட்கும்:
பயிற்சியை முடித்துக்கொள்ளலாமா?

இன்று மழைவிட்ட மறுநாள்.
மீனம்பாக்கத்து விமானம் ஒன்று
குட்டை குட்டையாகத் தாவி
எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.
குவாரி மேட்டில் வடை நின்றது,
முன்னங்கால் ஒன்றை மண்ணில் வைக்க மறந்து.
மூக்கு நீண்ட திசையில்
ஒரு முயல்.

நாய்க்கும் முயலுக்கும் நடுவில்
என் கையில் ஆறடிக் கயிறு.
மூன்று பேரும் மூச்சு விடவில்லை.
கடிகாரம் என் இதயத்தை எண்ணியது:
நூற்று நாற்பத்தெட்டு.
முயலுடையதை யார் எண்ணுவது?

அந்த நேரம் பார்த்து ஆள்காட்டி கத்தியது,
வைத்த பெயரை ஒருநாளும் கெடுக்காத குருவி.
முயல் இருந்த இடத்தில்
புல் மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது.
வடை பாய்ந்தது.
என் தோள்பட்டை பாய்ந்தது.
மீதி நான் பின்னால் போனேன்.

வேலி அறுந்த இடத்தில்
சரளையில் முழங்கால் தேய்ந்து கிடக்கையில்
எபினேசர் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார்.
நாயைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார்.
"அது வெளியிலதான் நிக்குது.
நீங்கதான் சார் பாதி உள்ள கிடக்கீங்க."

கையைக் கொடுத்து எழுப்பினார்.
அதே கையால் எதிர்ப்பாறையைக் காட்டினார்:
"எல்லாத்தையும் பார்த்துட்டு உக்காந்திருக்கு, கொம்பன் ஆந்தை."
எனக்குப் பாறைதான் தெரிந்தது.
ரொம்ப நேரம் பாறைதான்.
பிறகு பாறையில் ஒரு பகுதி
மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டது.

திரும்பும்போது ஓடவில்லை.
வடை போன வேகம், அது நின்ற இடங்கள்.
கிலோமீட்டருக்கு இருபத்து மூன்று நிமிடம்
என்று கடிகாரம் கோள் சொன்னது,
யாரிடம் என்று தெரியவில்லை.

அபார்ட்மெண்ட் லிஃப்டிலும் நாய்க்கு அனுமதி இல்லை.
மூன்று மாடி படியேறி
கதவடியில் உட்கார்ந்து பார்க்கிறேன்:
என் காலுறை முழுக்க நாயுருவி.
வடையின் வயிற்றில் அதைவிட அதிகம்.
வேலிக்குள் இருந்ததில் ஒரு கைப்பிடி
எங்கள் இரண்டு பேர்மேலும் தொற்றிக்கொண்டு
யாரிடமும் கேட்காமல்
மேடவாக்கம் சிக்னலைத் தாண்டி வந்திருக்கிறது.

ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணுகிறேன்.
முப்பத்தொன்று வரை வந்தபோது
வடை புரண்டு
மறுபக்கத்தைக் காட்டிப் படுத்தது.
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.